ரீஃபண்டைப் பறிகொடுத்தவரை ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடாதீர்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

உறுப்பினர் ஒருவர் உங்களிடம் வந்து, “டாக்ஸ் ஃபைல் பண்ணிக் கொடுத்தவர் என் ரீஃபண்டைத் தன் கணக்குக்குத் திருப்பிக்கொண்டார்” என்று சொல்கிறார். அந்த டாக்ஸ் பிரிப்பேரரும் நம்மவர்தான்; விழாவுக்கு ஸ்பான்சராக நின்றவராகக்கூட இருக்கலாம். இருவரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கத்தான் முதலில் தோன்றும். நல்லெண்ணத்தில் செய்வதுதான் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அது பறிகொடுத்தவருக்கே கேடாக முடிகிறது. “ஐஆர்எஸ்ஸில் (அமெரிக்க வருமான வரித்துறையில்) தாமதம், இரண்டு வாரம் பொறுங்கள்” என்று பிரிப்பேரர் தவணை கேட்கும் நாட்களில்தான் பணம் இறங்கிய கணக்கு துடைத்து எடுக்கப்படுகிறது. பறிபோன ரீஃபண்டை ஐஆர்எஸ்ஸிடமிருந்தே மீண்டும் பெற வழி இருக்கிறது. அது முழுக்க முழுக்கக் காகிதங்களை நம்பி நடக்கும் வழி. அந்தக் காகிதங்களை முதல் வாரத்திலேயே திரட்டித்தர உதவுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

(இனி ‘நீங்கள்’ என்று சொல்வது பணத்தை இழந்தவரை.) திருட்டு எந்த வகையில் நடந்தது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைப் பொறுத்துத் தடயம் மாறும். சில நேரம் ரிட்டர்ன் (தாக்கல் செய்யும் வரிக் கணக்கு) சரியாகவே இருக்கும். வங்கிக் கணக்கு எண் மட்டும் மாற்றப்பட்டிருக்கும். தனிநபர் ரிட்டர்னான படிவம் 1040-இன் இரண்டாம் பக்கத்தில் 35-ஆம் வரியில்தான் ரௌட்டிங் எண்ணும் (எந்த வங்கி என்று காட்டும் எண்) கணக்கு எண்ணும் இருக்கின்றன. வங்கிகள் பெரும்பாலும் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கின்றன, யார் பெயரில் ரீஃபண்ட் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அதனால் இது எளிதில் நடந்துவிடுகிறது.

இதைவிட மோசமானது இன்னொன்று. உங்களிடம் காட்டிய பிரதியில் ரீஃபண்ட் 1,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கையெழுத்திட்டுப் போன பிறகு இல்லாத தொழில் நஷ்டத்தையோ கிரெடிட்டையோ (வரிச் சலுகை) சேர்த்து அதை 5,200 ஆக்கி அனுப்புகிறார். படிவம் 8888 மூலம் ஒரு ரீஃபண்டை மூன்று கணக்குகள் வரை பிரித்துப் போட முடியும். 1,800 உங்கள் கணக்குக்கு வரும். 3,400 அவருக்குப் போகும். எதிர்பார்த்த பணம் வந்துவிட்டதால் உங்களுக்குச் சந்தேகமே எழாது. ஓரிரு ஆண்டு கழித்து அந்த 3,400-ஐ வட்டியோடும் அபராதத்தோடும் கேட்டு ஐஆர்எஸ் கடிதம் வரும்போதுதான் விவரம் தெரியும்.

மூன்றாவது, ‘ரீஃபண்ட் டிரான்ஸ்ஃபர்’ வழியாக நடப்பது. பிரிப்பேரரின் கட்டணத்தை ரீஃபண்டிலிருந்தே கழித்துக்கொள்வதற்காக இடையில் ஒரு வங்கி தற்காலிகக் கணக்கு திறக்கும். இந்த ஏற்பாட்டில் ரிட்டர்னில் உங்களுக்குத் தெரியாத கணக்கு எண் இருப்பது இயல்புதான். அதை மட்டும் வைத்துத் திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கழித்ததுபோக மீதிக்கான காசோலை சில இடங்களில் பிரிப்பேரரின் அலுவலகத்திலேயே அச்சாகிறது. கைவைக்கும் இடம் அது. இங்கே முதலில் கேட்க வேண்டியது அந்த இடைநிலை வங்கியை: எவ்வளவு வந்தது, எவ்வளவு கட்டணம் கழித்தார்கள், மீதி எந்த வடிவில் யாருக்குப் போனது.

பிரிப்பேரர் ரீஃபண்டைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ளவோ உங்கள் காசோலையைத் தானே மாற்றிக்கொள்ளவோ எந்தச் சூழலிலும் அனுமதி கிடையாது. உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 6695(எஃப்) பிரிவு அதற்கென்றே அபராதம் விதிக்கிறது. “ஃபீஸைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன்” என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தாலும், நீங்கள் தலையாட்டியிருந்தாலும், அது தப்புதான்.

ரிட்டர்ன் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஐஆர்எஸ்ஸின் ‘வேர்ஸ் மை ரீஃபண்ட்’ பக்கம் சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது ஐடின் (அந்த எண் இல்லாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் வரி எண்), ஃபைலிங் ஸ்டேட்டஸ் (தனியாகவா, தம்பதியாகவா என்பது போன்ற தாக்கல் வகை), ரீஃபண்ட் தொகை மூன்றையும் கேட்கும். தொகை டாலர் பிசகாமல் பொருந்த வேண்டும். ரிட்டர்ன் ஏற்கப்பட்டதாகச் சொல்லிச் சில நாட்கள் ஆகியும், உங்கள் பிரதியில் உள்ள தொகையை இட்டால் விவரம் பொருந்தவில்லை என்று வந்தால், அனுப்பப்பட்ட ரிட்டர்னில் வேறு தொகை இருக்கிறது என்று சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. அடுத்து ஐஆர்எஸ் இணையக் கணக்கில் நுழைந்து அந்த ஆண்டின் ‘ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்’ (தாக்கலான ரிட்டர்னின் விவரம்), ‘அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்ட்’ (உங்கள் வரிக் கணக்கில் நடந்தவற்றின் பட்டியல்) இரண்டையும் இறக்குங்கள், கட்டணம் இல்லை. முதலாவதை உங்கள் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இரண்டாவதில் 150 என்ற குறியீடு ரிட்டர்ன் பதிவானதையும், 846 ரீஃபண்ட் அனுப்பப்பட்ட தேதியையும் தொகையையும், 841 அந்தப் பணம் ஐஆர்எஸ்ஸுக்கே திரும்பி வந்ததையும் காட்டும். 846 இருந்து உங்கள் கணக்கில் வரவு இல்லையென்றால் ‘ஐஆர்எஸ் தாமதம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே இணையக் கணக்கில் இன்னும் இரண்டைப் பாருங்கள். பதிவாகியிருக்கும் முகவரி உங்களுடையதுதானா? கடிதங்கள் உங்கள் கைக்கு வராதிருக்கச் சிலர் தங்கள் அலுவலக முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். படிவம் 8822 கொடுத்து மாற்றலாம். உங்கள் சார்பில் பேச அவருக்கு அதிகாரம் கொடுக்கும் 2848 அல்லது 8821 பதிவாகியிருக்கிறதா? இருந்தால் அன்றே ரத்து செய்யுங்கள்.

பணம் போன கணக்கின் ரௌட்டிங் எண் கிடைத்தால் அது எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அந்த வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவைக் கூப்பிட்டு, அமெரிக்கக் கருவூலத்திலிருந்து வந்த வரி ரீஃபண்ட் உரியவர் அல்லாதவரின் கணக்கில் இறங்கியிருக்கிறது என்று தேதி, தொகையோடு சொல்லுங்கள். பணம் இன்னும் அங்கே இருந்தால் வங்கி அதை ஐஆர்எஸ்ஸுக்கே திருப்பி அனுப்ப முடியும். அவசரம் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். வங்கி கணக்குக்காரரின் விவரத்தை உங்களிடம் சொல்லாது; அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொரு பக்கம், பணம் எங்கே போனது என்று ஐஆர்எஸ்ஸைத் தேடச் சொல்லும் ‘ரீஃபண்ட் டிரேஸ்’ கேட்கலாம். தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்திருந்தால் தானியங்கித் தொலைபேசியில் முடியாது; படிவம் 3911 தர வேண்டும். ஐஆர்எஸ் கேள்விக்குப் பதில் சொல்ல வங்கிக்கு 90 நாட்கள் வரை உண்டு. ஆனால் “ரிட்டர்னில் இருந்த கணக்கில்தான் போட்டோம்” என்று வங்கி சொல்லிவிட்டால் டிரேஸ் அங்கேயே நின்றுவிடும். பணத்தைத் திருப்பித் தரும்படி வங்கியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஐஆர்எஸ்ஸுக்கு இல்லை. ஆகவே டிரேஸை நம்பி மற்ற வேலையை நிறுத்திவைக்கக் கூடாது.

அந்த மற்ற வேலைதான் முக்கியமானது: படிவம் 14157, படிவம் 14157-ஏ. எண்கள் ஒன்றுபோல் இருப்பதால் பலர் முதலாவதை மட்டும் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 14157 பிரிப்பேரர் மீதான புகார் மட்டுமே. அதனால் அவர்மீது நடவடிக்கை வரலாம், உங்கள் கணக்கு மாறாது. 14157-ஏ என்பது உறுதிமொழிப் பத்திரம். “என் அறிவோ சம்மதமோ இல்லாமல் ரிட்டர்ன் தாக்கல் செய்யப்பட்டது அல்லது மாற்றப்பட்டது, என் கணக்கைச் சரிசெய்யுங்கள்” என்று கேட்பது அதுதான். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

அனுப்பும் காகிதக் கட்டுக்குள் இருக்க வேண்டியவை: இரண்டு படிவங்கள், பிரிப்பேரர் உங்களிடம் கொடுத்த ரிட்டர்ன் பிரதி, நீங்கள் தாக்கல் செய்ய நினைத்த சரியான ரிட்டர்ன், உங்கள் புதுக் கையெழுத்துடன் (தம்பதி என்றால் இருவரும்), டபிள்யூ-2, 1099 (சம்பளம், பிற வருமானச் சான்றுகள்) நகல்கள், அவரோடு உங்களுக்கு இருந்த தொடர்பைக் காட்டும் ரசீது, மின்னஞ்சல், வாட்ஸாப் உரையாடல், விசிட்டிங் கார்டு, ரீஃபண்ட் வரவில்லை அல்லது குறைவாக வந்தது என்று காட்டும் வங்கி ஸ்டேட்மெண்ட், போலீஸ் ரிப்போர்ட். பிரிப்பேரர் ஏதேனும் தொகையைத் திருப்பித் தந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஐஆர்எஸ்ஸிடமிருந்து ஏற்கெனவே கடிதம் வந்திருந்தால் அந்தக் கடிதத்தில் உள்ள முகவரிக்கும், இல்லையென்றால் படிவத்தின் குறிப்பில் உள்ள முகவரிக்கும் சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்பி, ஒப்புதல் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

போலீஸ் ரிப்போர்ட்டில்தான் நம்மவர்கள் தயங்கி நின்றுவிடுகிறார்கள். விசாவுக்குச் சிக்கல் வருமோ என்ற பயம் ஒரு காரணம். ‘நம்ம ஆளை’ மாட்டிவிடுவதா என்ற சங்கடம் இன்னொன்று. நீங்கள் இதில் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, பணத்தை இழந்தவர். இந்த ரிப்போர்ட் இல்லாத கட்டு பெரும்பாலும் பாதியிலேயே நிற்கும். காவல் நிலையத்தில் “இது ஐஆர்எஸ் விவகாரம், அங்கே போங்கள்” என்று சொல்வதும் உண்டு. அப்போது டிரான்ஸ்கிரிப்டையும் உங்கள் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, இது பணத் திருட்டு, ஐஆர்எஸ்ஸே இந்த ரிப்போர்ட்டைக் கேட்கிறது என்று விளக்குங்கள். அப்படியும் எடுக்கவில்லையென்றால் கவுண்டி ஷெரிஃப் அல்லது மாவட்ட அட்டர்னி அலுவலகத்தில் முயலலாம். பிரிப்பேரரின் பெயர், வரி ஆண்டு, திருடப்பட்ட தொகை மூன்றும் ரிப்போர்ட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் புகார் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஆங்கிலத்தில் விளக்கத் தயங்கும் உறுப்பினரோடு சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போனால் அதுவே பெரிய உதவி.

தவறான படிவத்தில் போய் மாட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவர் உங்கள் பெயரில் தாக்கல் செய்திருந்தால் அது அடையாளத் திருட்டு, அதற்கு 14039. நீங்கள் விவரம் கொடுத்த பிரிப்பேரர் செய்திருந்தால் 14157-ஏ. 1040-எக்ஸ் என்னும் திருத்த ரிட்டர்னை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். ‘முதலில் போனது என் ரிட்டர்ன்தான், அதில் இந்தத் திருத்தம்’ என்று சொல்லும் படிவம் அது. நீங்கள் பார்க்காத ரிட்டர்னை உங்களுடையது என்று ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

இதற்கு நேர்மாறான நிலையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இல்லாத செலவுகள் இருந்த ரிட்டர்னில் படிக்காமலே கையெழுத்திட்டு, வந்த ரீஃபண்டும் உங்கள் கைக்கே வந்திருந்தால், 14157-ஏ உங்களுக்கானது அல்ல. கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே; அங்கேதான் 1040-எக்ஸ் வரும். எஃப்-1 மாணவர்களிடம் இது அதிகம். பெரும்பாலானோர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு நான்-ரெசிடென்ட் (வரிச் சட்டப்படி அமெரிக்காவில் வசிக்காதவர்). அவர்கள் தர வேண்டியது 1040-என்ஆர். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகை) உண்டு. ஆனால் 1040-ஐப் போட்டுக் கல்விக் கிரெடிட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பணம் பின்னாளில் திரும்பக் கேட்கப்படும்.

மூன்று ஆண்டு போனால் ஐஆர்எஸ் கேட்க முடியாது என்று ஆறியிருக்கவும் முடியாது. பொய் பிரிப்பேரருடையதாக இருந்தாலும், மோசடி ரிட்டர்னுக்குக் காலவரம்பே கிடையாது என்று 2007-இல் ஆலன் வழக்கில் டாக்ஸ் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றப்பட்ட ரிட்டர்னைப் பற்றி இன்று தெரியவந்தால் இன்றே எழுத்தில் மறுத்துவைப்பது அதனால்தான் அவசியம். கூடுதல் வரி கட்ட வேண்டும் என்று ஐஆர்எஸ் முறைப்படி அனுப்பும் ‘நோட்டீஸ் ஆஃப் டெஃபிஷியன்சி’ வந்துவிட்டால் டாக்ஸ் கோர்ட்டில் மனுப் போட 90 நாட்கள்தான். அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவருக்கு அனுப்பப்பட்டதென்றால் 150 நாட்கள். வேலை முடிந்து சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 14157-ஏ அனுப்பியிருப்பதால் இந்தக் கெடு நிற்காது.

மாநில வரியை மறந்துவிடுகிறார்கள். அங்கேயும் ரீஃபண்ட் திருப்பப்பட்டிருக்கலாம். ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பியது மாநில வரித்துறைக்குப் போகாது. தனியாக எழுத வேண்டும். பிரிப்பேரர் சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) என்றால் மாநில அக்கவுண்டன்சி போர்டு, என்ரோல்டு ஏஜெண்ட் (ஐஆர்எஸ் உரிமம் பெற்ற வரி நிபுணர்) என்றால் ஐஆர்எஸ்ஸின் தொழில்முறைப் பொறுப்பு அலுவலகம், வழக்கறிஞர் என்றால் மாநில பார் (வழக்கறிஞர் அமைப்பு) என்று புகாருக்கும் தனித்தனி இடம் உண்டு.

ஐஆர்எஸ் பதில் வர மாதங்கள் ஆகும். இதற்குள் வாடகைக்கோ மருந்துக்கோ வழியில்லாத நிலை வந்தால் படிவம் 911 மூலம் ‘டாக்ஸ்பேயர் அட்வகேட் சர்வீஸ்’ (ஐஆர்எஸ்ஸுக்குள்ளேயே வரி செலுத்துவோருக்கு உதவும் பிரிவு) உதவியைக் கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு ‘லோ இன்கம் டாக்ஸ்பேயர் கிளினிக்’குகள் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ வாதாடித் தருகின்றன, பிரச்சினையில் உள்ள தொகை பொதுவாக 50,000 டாலருக்குள் இருக்க வேண்டும். ஐஆர்எஸ் வெளியீடு 4134-இல் ஊர்வாரியாக அவற்றின் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் மாநிலப் பக்கத்தைச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் நிரந்தரமாக வைத்துவிடலாம்.

இனி, சங்கத்திடம் நேரடியாகக் கேட்பது.

மேடையோ கடைமேசையோ மின்னஞ்சல் பட்டியலோ ஒரு பிரிப்பேரருக்குக் கொடுக்கும் முன் பிடின் எண்ணை (பிரிப்பேரர்களுக்கு ஐஆர்எஸ் தரும் அடையாள எண்) கேளுங்கள். காசு வாங்கி ஃபெடரல் ரிட்டர்ன் தயாரிக்கும் எவருக்கும் அது கட்டாயம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பிடின் இருப்பதே தகுதிச் சான்று ஆகாது. பிரிப்பேரர்களுக்குத் தேர்வு வைக்க ஐஆர்எஸ் எடுத்த முயற்சியை லவிங் வழக்கில் 2013-இல் கீழ்நீதிமன்றமும் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடுத்துவிட்டன. அதனால் தேர்வெழுதாமலே பிடின் வாங்கலாம். கலிபோர்னியா, ஆரிகன், மேரிலாந்து, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனி விதிகள் வைத்திருக்கின்றன. சிபிஏ, என்ரோல்டு ஏஜெண்ட் என்று சொல்பவரை ஐஆர்எஸ்ஸின் பிரிப்பேரர் டைரக்டரியில் தேடிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். ஸ்பான்சர் தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

வேலை இந்தியாவில் நடக்கிறதென்றால் இன்னொரு கேள்வி. வரி விவரங்களை அமெரிக்காவுக்கு வெளியே அனுப்ப 7216-ஆம் பிரிவின்படி வாடிக்கையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆள் எங்கே இருந்தாலும் நேரடி வரவு அமெரிக்க வங்கிக் கணக்கில்தான் இறங்கும். ஆகவே ‘அவர் ஹைதராபாத்தில் இருக்கிறார், ஒன்றும் செய்ய முடியாது’ என்று உறுப்பினர்களைக் கைவிடச் செய்யாதீர்கள்.

உறுப்பினர்களுக்கு நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கையில் இவை இருக்கட்டும்: வெற்று ரிட்டர்னிலோ வெற்று 8879-இலோ கையெழுத்திடாதீர்கள். 8879 என்பது ஈ-ஃபைல் செய்ய நீங்கள் தரும் அனுமதி. ரீஃபண்ட் தொகை அதிலேயே அச்சாகியிருக்கும். கையெழுத்துக்கு நீட்டும்போதே முழு ரிட்டர்னின் பிரதியையும் தர வேண்டியது சட்டப்படி பிரிப்பேரரின் கடமை. அந்தப் பிரதியில் அவர் பெயரும் பிடினும் இருக்க வேண்டும். அவை இல்லாமல், ‘செல்ஃப் பிரிப்பேர்டு’ என்று போட்டு அனுப்பும் ஆளிடம் போகவே வேண்டாம். பிரச்சினை வந்தால் அவர்தான் தயாரித்தார் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரையும், பணமாக மட்டும் வாங்கி ரசீது தர மறுப்பவரையும் தவிருங்கள். எளிய ரிட்டர்ன்களுக்கு ஐஆர்எஸ் ஆதரவில் நடக்கும் ‘வீட்டா’ மையங்களில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள்.

அடையாளத்தைப் பாதுகாக்கும் ரகசிய எண்ணான ஐபி பின் பற்றியும் சொல்லுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ ஐடினோ உள்ள எவரும் ஐஆர்எஸ்ஸிடம் ஆறு இலக்க எண் ஒன்றைப் பெறலாம். அது இல்லாமல் அவர் பெயரில் ஈ-ஃபைல் ஏறாது. இந்த ஆண்டு பிரிப்பேரருக்கு நீங்களே அதைக் கொடுப்பதால் இந்த ஆண்டின் திருட்டை அது தடுக்காது. ஆனால் ஆண்டுதோறும் எண் மாறிவிடும்; பழைய பிரிப்பேரர் அடுத்த ஆண்டு உங்களைக் கேட்காமலே தாக்கல் செய்வதை அது தடுக்கும். ஏற்கெனவே ஒருமுறை பறிகொடுத்தவர் இதைக் கட்டாயம் வாங்க வேண்டும். ஜனவரியில் இரண்டு மடிக்கணினிகளை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால், வரும் உறுப்பினர்களுக்கு ஐஆர்எஸ் இணையக் கணக்கும் ஐபி பின்னும் ஏற்படுத்திக்கொள்ள வழிகாட்டிவிடலாம். கடவுச்சொல்லையும் எண்ணையும் அவரவரே தட்டட்டும். தொண்டர் எதையும் குறித்துவைக்கக் கூடாது.

புகாரோடு ஒருவர் வந்தால் செய்ய வேண்டியவற்றைக் கவனிக்க ஒரே ஒரு நிர்வாகியைப் பொறுப்பாக்குங்கள். பிரிப்பேரர் உங்கள் நண்பராக இருந்தால் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் இறக்குவது, வங்கிக்குப் போன் செய்வது, போலீஸ் ரிப்போர்ட், 14157-ஏ கட்டு: இந்த வரிசையில் அவரோடு கூட நில்லுங்கள். பிரிப்பேரர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னால் தரட்டும். அதை எழுத்தில் வாங்கி, வங்கி வழியாகவே பெற்று, அந்த விவரத்தைக் காகிதக் கட்டோடு சேர்த்துவிடுங்கள். அதற்காக எதையும் நிறுத்திவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அமெரிக்க வரித் துறையில் பணியாற்றும் தமிழர் சிலர்